ஆற்றைத் தாண்டும் அரண்மனை

தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். கறுப்பு, ஸ்லேட் பலகைக்கல்; வெள்ளை, லுவார் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல். அந்தக் கட்டங்கள் அறுபது மீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. அகலம் ஆறு மீட்டர்தான். இருபுறமும் சேர்த்துப் பதினெட்டு ஜன்னல்கள். எந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தாலும் கீழே தண்ணீர். ஷேர் ஆற்றின் ஒரு கரையில் தொடங்கும் வீட்டின் கூடம், மறு கரையில் போய் முடிகிறது. பிரான்சில் ஷெனோன்ஸோ அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நினைவில் கொண்டு திரும்புவது இந்தக் கூடத்தைத்தான்.

தூர் நகரிலிருந்து சிறிய ரயிலில் அரை மணி நேரப் பயணம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாசல். பிளேன் மரங்கள் இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் நீண்ட சாலையில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது தனியாக நிற்கும் ஒரு வட்டக் கோபுரம். பழைய கோட்டையில் மிஞ்சியது அது ஒன்றுதான். 1513இல் இந்த இடத்தை வாங்கிய தோமா போயே, அரசரின் நிதி நிர்வாகத்தில் உயர் பதவி வகித்தவர். கோட்டையை இடித்துவிட்டு, ஆற்றுக்குள் நின்றிருந்த மாவு ஆலையின் அடித்தளத்தின் மேல் புது வீட்டை எழுப்பினார். எழுப்பினார் என்பது பேச்சுக்குத்தான். போர்க்களங்களிலேயே அவர் காலம் கழிந்ததால், கட்டட வேலையைக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி காத்ரீன் பிரிசோனே. அந்த வீட்டின் படிக்கட்டு சுழன்று ஏறாமல் இத்தாலிய முறையில் நேராக ஏறுகிறது. பிரான்சில் அப்படிக் கட்டப்பட்ட முதல் சில படிக்கட்டுகளில் அதுவும் ஒன்று.

கணவனும் மனைவியும் இறந்த பிறகு, அரசாங்கத்துக்குத் தரவேண்டிய பாக்கிக்காக 1535இல் மகன் வீட்டை முதலாம் பிரான்சுவா மன்னரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பின் அரியணை ஏறிய இரண்டாம் ஆன்ரி, 1547இல் அதைத் தன் காதலி டியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்துவிட்டார். டியான் அரசரைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். அரசி காத்ரீன் தெ மெடிசிக்கும் இந்த வீட்டின் மேல் ஆசை இருந்தது. அன்று அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டியானுக்குக் கணக்குவழக்கு நன்றாகத் தெரியும். நிலத்தின் வருமானத்தைப் பெருக்கினார். ஆற்றோரம் தோட்டம் போட்டார். ஃபிலிபேர் தெ லோர்ம் என்ற பெரிய கட்டடக் கலைஞரை அழைத்து வீட்டிலிருந்து அக்கரைக்குப் பாலம் கட்டச் செய்தார்.

இங்குள்ள இரண்டு தோட்டங்களில் பெரியது டியானுடையது. சுமார் 12,000 சதுர மீட்டர். ஷேரில் வெள்ளம் வந்தால் செடிகள் போய்விடும் என்பதால் தோட்டம் முழுவதையும் மேடாக்கிச் சுற்றிலும் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவரின் மேல் நடந்தபடியே தோட்டத்தைப் பார்க்கலாம். குறுக்கும் மூலைவாட்டிலும் பாதைகள் ஓடி, புல்வெளியை எட்டு முக்கோணங்களாகப் பிரிக்கின்றன. புல்லின் மேல் சாம்பல் நிறச் செடிகள் கோலத்தின் இழை போலச் சுருண்டு போகின்றன. நடுவில் ஒரு நீரூற்று. 1576இல் இதைப் பார்த்து எழுதிவைத்தவர் கட்டடக் கலைஞர் ஜாக் ஆந்த்ருவே து செர்சோ. ஒரு பெரிய கல்லில் சிறு துளை, அந்தத் துளையில் ஒரு மரமுளை. முளையைப் பிடுங்கினால் தண்ணீர் ஆறு மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். அவர் எழுதிய குறிப்பைக் கொண்டுதான் இன்றைய ஊற்றை மீட்டெடுத்தார்கள். எந்திரம் எதுவும் இல்லை. தண்ணீரின் அழுத்தம் மட்டுமே. நான்கு நூற்றாண்டு கடந்தும் இந்த எளிய வித்தை மனத்தைக் கட்டிப்போடுகிறது.

1559இல் பாரிசில் நடந்த ஈட்டிப் போட்டி ஒன்றில் அரசர் இரண்டாம் ஆன்ரியின் கண்ணருகே ஈட்டி பாய்ந்தது. சில நாளில் உயிர் பிரிந்தது. காத்ரீன் தாமதிக்கவில்லை. ஷோமோன் அரண்மனையை எடுத்துக்கொண்டு ஷெனோன்ஸோவைத் தரும்படி டியானைக் கட்டாயப்படுத்தினார். அக்கரை வரை நீண்ட வெற்றுப் பாலத்தின் மேல் கூடத்தை எழுப்பியது காத்ரீன்தான். வீட்டின் மறுபக்கம் தனக்கென்று ஒரு தோட்டமும் போட்டார். டியானுடையதைவிடச் சிறியது, வட்டக் குளத்தைச் சுற்றி அமைதியாக இருக்கும். இன்று டியானின் படுக்கையறைக் கணப்புக்கு மேல் தொங்குவது காத்ரீனின் உருவப்படம்.

காத்ரீனின் மருமகள் லூயீஸ் இங்கே வாழ்ந்த கதை வேறு. 1589இல் அவர் கணவர் மூன்றாம் ஆன்ரி கத்திக்குத்துக்குப் பலியானார். அரச குல வழக்கப்படி லூயீஸ் வெள்ளை உடுத்தினார். அறைக்குக் கறுப்பு வண்ணம் பூசி, வெள்ளிக் கண்ணீர்த் துளிகளை வரையச் செய்தார். மாடியில் அந்த அறைக்குள் நுழையும்போது பேசிக்கொண்டு வருகிறவர்களின் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

அரசர்கள் கதையோடு முடிந்திருந்தால் ஷெனோன்ஸோவும் இன்னோர் அழகான அரண்மனை, அவ்வளவுதான். இந்த வீட்டைத் தனித்து நிறுத்துவது அதன் பிற்கால வாழ்க்கை. 1733இல் இது தியூபேன் குடும்பத்தின் கைக்கு வந்தது. லூயீஸ் தியூபேன் அறிஞர்களைக் கூட்டிப் பேசவைத்தவர். பெண்களின் உரிமை பற்றிப் பெரிய நூல் ஒன்றுக்காகக் குறிப்புகள் திரட்டினார். அதற்கு எழுத்தராக உதவியவர் சிந்தனையாளர் ரூசோ. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அரண்மனைகள் சூறையாடப்பட்டபோது, மோன்திரிஷார், பிளேரே ஆகிய ஊர்களுக்கு இடையே ஆற்றைக் கடக்க இது ஒன்றுதானே பாலம் என்று லூயீஸ் தியூபேன் வாதாடி வீட்டைக் காப்பாற்றினார் என்பார்கள். உள்ளே இருந்த சிற்றாலயத்தை விறகுக் கிடங்காக்கி அதையும் காத்தார்.

அடுத்த சோதனை முதல் உலகப் போர். அப்போது வீடு, சாக்லேட் தொழிலில் பேர் பெற்ற மெனியே குடும்பத்திடம் இருந்தது. காஸ்தோன் மெனியே தன் செலவில் ஆற்றின் மேலுள்ள கூடத்தை ராணுவ மருத்துவமனையாக மாற்றினார். 120 படுக்கைகள். அரச குடும்பம் விருந்து கொண்டாடிய அதே தரையில் கட்டில்களை வரிசையாகப் போட்டார்கள். 1918 முடிவதற்குள் 2,254 காயம்பட்ட வீரர்கள் இங்கே சிகிச்சை பெற்றார்கள். ஓர் அரண்மனைக்கு இதைவிடப் பெரிய பெருமை இருக்க முடியுமா?

1940இல் ஜெர்மானியப் படை பிரான்சைப் பிடித்தபோது ஷேர் ஆறே எல்லைக்கோடாயிற்று. வீட்டின் முன்வாசல் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில். கூடத்தின் தெற்குக் கதவு ஆக்கிரமிக்கப்படாத பகுதியில். ஒரு கதவில் நுழைந்து இன்னொரு கதவில் வெளியேறினால் உயிர் பிழைக்கலாம். எதிர்ப்பு இயக்கத்தினர் அந்த வழியில் பலரைக் கடத்திக் காப்பாற்றினார்கள். சிற்றாலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகள் 1944இல் குண்டுவீச்சில் உடைந்தன. இப்போதிருப்பவை 1954இல் மாக்ஸ் ஆங்கிரான் செய்தவை.

மெனியே குடும்பம் இன்றும் வீட்டை வைத்துப் பராமரிக்கிறது. ஆண்டுக்கு சுமார் 1,30,000 பூஞ்செடிகளை இங்கேயே வளர்த்து நடுகிறார்கள். ஒவ்வோர் அறையிலும் பூங்கொத்து; வாடுவதற்குள் மாற்றிவிடுகிறார்கள்.

வெயில் காலத்தில் கூட்டம் நெரியும். பலர் கூடத்தின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே போக வாய்ப்பவர்கள் காலையிலேயே போய், அந்தக் கறுப்பு வெள்ளைத் தரையில் தெற்குக் கதவு வரைக்கும் மெதுவாக நடந்து பாருங்கள். அறுபது மீட்டர்தான்.