இரண்டு படிக்கல்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சேதி கேட்டதும், "எல்லாம் கல்வராயன் மலைக்காரன் வேலை!" என்றேன். மலையில் வெல்ல ஊறல் போட்டுக் காய்ச்சுவதுண்டு, வாஸ்தவம். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். ஆலைகளுக்கென்று செய்கிற ரசாயனம். விற்றதும் ஊருக்குள்ளேயேதான்.

மனைவி கேட்டாள்: "நம் தெருப் பையன் சாராயம் கடத்திப் பிடிபட்டானே, அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?"

நினைவு வந்தது. "பாவம், சகவாச தோஷம்" என்றிருந்தேன்.

நம்மவன் செய்தால் சகவாசம். மலைக்காரனுக்கோ, செய்யாத போதும் பிறவிக் குணம்! தராசு என்னவோ ஒன்றுதான். படிக்கல்லைத்தான் இரண்டாக வைத்துக்கொண்டு, இத்தனை நாள் நியாயம் நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.