பிடித்த பிரேக் விடாதபோது

பழைய காரின் முன்சக்கரங்களுக்கு வீட்டிலேயே புதுப் பேட் மாட்டிய சில நாட்களில் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடுவது, நோர்வேயில் தன் காரைத் தானே பார்ப்பவர்களுக்கு அடிக்கடி நேரும் தொல்லை. கார் ஒரு பக்கமாக இழுக்கும். நியூட்ரலில் தள்ளினால் உருளாது. இறங்கிப் பார்த்தால் ஒரு சக்கரத்தருகே மட்டும் கருகல் வாடை அடிக்கும்.

ஒஸ்லோவின் வடகிழக்கு மூலையில், மெட்ரோவின் 5ஆம் தடம் முடியும் இடம் வெஸ்ட்லி. அதைச் சுற்றிய குரூருட் பள்ளத்தாக்கில் இலங்கைத் தமிழர் பலர் வாழ்கிறார்கள். 2024இல் நாட்டில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்கள். பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவருக்கோ கராஜ் கூலியே பெரும் சுமை. தன் காரைத் தானே பழுதுபார்க்கத் தடையில்லை. பிறர் காரைக் கூலிக்குப் பார்க்கத்தான் சாலைத்துறையின் ஒப்புதல் பெற்ற கராஜ் வேண்டும். அத்தகைய கராஜ் ஒன்றில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவரிடம், வீட்டில் பூட்டிய பிறகு பிரேக் ஒட்டிக்கொண்ட கார்கள் வந்து சேர்கின்றன.

இந்த ஒட்டல் பேட் மாற்றிய கையோடு ஏன் வருகிறது என்பதற்குக் காலிப்பரின் அமைப்பே விடை. பெடலை மிதித்தால் பிஸ்டன் உள்பேடை டிஸ்கின் மேல் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்கள்மேல் நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் ஏதும் இல்லை. பிஸ்டனைச் சுற்றிய சதுர வெட்டு ரப்பர் சீல், அழுத்தத்தில் சற்றே முறுகி, அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பல் தரும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். சாலையில் தூவும் உப்பு கிளப்பிய துரு அதை எளிதில் தின்றுவிடும்.

தேய்ந்த பேடோடு ஓடிய காரில் பிஸ்டன் வெகுதூரம் வெளியே வந்திருக்கும். தூசி ரப்பர் கிழிந்திருந்தால் அந்த வெளிப்பகுதி துருப்பிடித்திருக்கும். தடித்த புதுப் பேடுக்கு இடம்விட ஜி கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, துருவும் சீலுக்குள் போகிறது. ஸ்லைடு பின்னும் ஆண்டுக்கணக்கில் நகராத பகுதிக்குத் தள்ளப்படுகிறது. குற்றம் பெரும்பாலும் புதுச் சாமானில் இல்லை; பழைய பாகங்களைப் பழகாத இடத்துக்குத் தள்ளியதில்தான் இருக்கிறது.

அந்த மெக்கானிக் முதலில் எடுப்பது காலிப்பரிலுள்ள பிளீடர் நிப்பிளுக்கான சிறிய ரிங் ஸ்பானர். ஜாக்கியை மட்டும் நம்பாமல் காரை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைச் சில தடவை மிதித்து விடச் சொல்கிறார். சக்கரம் சுற்றவில்லை. நிப்பிளில் குழாயைச் செருகி, மறுமுனையைப் புட்டியில் விட்டு, கால் திருப்பு திறக்கிறார். பிரேக் எண்ணெய் பீய்ச்சி வந்ததும் சக்கரம் விட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. எண்ணெய் வந்தும் விடாவிட்டால், துருவில் பேடோ பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. “சாமான் வாங்க முதல் நிப்பிளை ஒருக்காத் திறந்து பாருங்கோ” என்பதே அவர் எல்லோருக்கும் சொல்வது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிபாகம் கிடைப்பதும் அரிதாக இருந்தது. அங்குள்ள கராஜ்களில் தொழில் பழகியவர்களுக்குப் பழுதைக் கண்டுபிடிக்காமல் சாமான் மாற்றுவது மனம் ஒப்பாத காரியம்.

இறுகல் என்றால் பின்களைக் கழற்றி, துளையையும் துடைத்து, ரப்பருக்கு ஒத்த சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். சாதாரணக் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பின்னை மறுபடி இறுக்கும். ரப்பர் உறை உள்ள பின் சில கார்களில் மேலே மட்டுமோ கீழே மட்டுமோதான் சேரும். இடம் மாறினால் ஒட்டும். பேட் அமரும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளுக்கு அடியில் துரு பொருமி எழும்பியிருக்கும். கிளிப்பை எடுத்துக் கம்பி பிரஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டாமல் பேடின் காதை அரத்தால் ராவுவது அரைகுறை வேலை. பேட் விரலால் தள்ளினால் நகர வேண்டும்.

அழுத்தம் சிக்கினால் சந்தேகம் காலிப்பருக்கு எண்ணெய் கொண்டுவரும் ஹோஸ்மீது. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் பிரிந்து, எண்ணெயைப் போகவிட்டுத் திரும்பவிடாது. கழற்றிய காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தால் இது கூடுதலாக நேரும். பிரேக்கை மீண்டும் பிடிக்கவைத்து, ஹோஸுக்கு மேலுள்ள இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் தெளிவாகும்: அப்போதும் சக்கரம் விடாவிட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. விட்டுவிட்டால் பழுது மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து ஒட்டினாலும் அங்கேதான் பார்க்க வேண்டும். காற்று எடுக்கப் பெடலைத் தரைவரை மிதித்தபோது சிலிண்டரின் பிஸ்டன் பழகாத, அரித்த பகுதிக்குப் போய்த் திரும்பாமல் சிக்கியிருக்கலாம். தள்ளுதண்டுக்கு இடைவெளி இல்லாமல், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறுதுளை மூடியிருக்கலாம்.

இத்தனைக்கும் தேவை ஒரு ஸ்பானரும் பொறுமையும். ஆனால் ஒட்டுகிறது என்றதுமே இரண்டு புதுக் காலிப்பரை எடுத்துவைக்கும் உதிரிபாக வியாபாரம் உண்டு. பிஸ்டன் குழிவிழுந்திருந்தால் பிஸ்டனையோ காலிப்பரையோ மாற்றியே ஆக வேண்டும். ஹோஸ் கெட்டதற்குக் காலிப்பர் விற்பதோ அநியாயம். மாதக் கடைசியை எண்ணி வாழும் குடும்பம் பணத்தையும் இழந்து, அதே பழுதோடு மறுபடி சாலைக்கு வருகிறது.

பூட்டிய பின் பெடலை மிதித்து இறுக்கி, எண்ணெய் மட்டம் பார்த்து, ஆளில்லாத சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டி இரு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை. ஒன்று மட்டும் கொதிப்பது ஆகாது. நோர்வேயில் கார் 4 ஆண்டானதும் முதலிலும், பிறகு 2 ஆண்டுக்கொருமுறையும் வரும் கட்டாயச் சோதனையில் உருளைமேல் பிரேக் பிடிப்பை அளப்பார்கள். ஒரு சக்கரத்தின் பிடிப்பு அதே அச்சின் மற்றதில் 70 சதவீதத்துக்குக் கீழிருந்தால் பெரிய குறை. முன்னச்சில் 50 சதவீதத்துக்குக் கீழென்றால் அபாயக் குறை. வசந்தத்தில் கோடை டயர் மாட்டும்போதே பின்களைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் போட்டுவிட்டால், குளிர்கால உப்பின் வேலை பெருமளவு அங்கேயே நிற்கும்.