பாயிண்ட் டூ டூ

“வெறும் பாயிண்ட் டூ டூ தானே!” சென்ற ஆண்டு நான் அலட்சியமாகச் சொன்ன சொல் இது. அந்த அலட்சியத்தால் நாற்பது பேர் ஒன்றரை மணி நேரம் வெயிலில் புல்லைத் தடவினார்கள். என் நண்பன் ஒருவன் ஒரு நாள் கூலியை இழந்தான். இதை எழுதுவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் எழுதினால்தான் என் மனம் ஆறும்.

நான் தையற்காரர் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். முதலாண்டில் சேர்ந்த உடனேயே தேசிய மாணவர் படையில் பெயர் கொடுத்தேன். சான்றிதழ் வேலைக்கு உதவும் என்றார்கள். அணிவகுப்பு முடிந்ததும் சிற்றுண்டி உண்டு என்றும் சொன்னார்கள். எந்தக் காரணம் பெரியதாக இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்! இரண்டையும் விட, துப்பாக்கி சுடலாம் என்ற ஆசைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நாளும் வந்தது. ஊருக்கு வெளியே மலையடிவாரத்துச் சுடுதளம். கையில் கொடுத்த துப்பாக்கியைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். உடல் என்னவோ பெரியதுதான்; ஏறக்குறைய நான்கு கிலோ எடை; பழைய, கனத்த மரக்கட்டை. ஆனால் குழலின் துளையில் நாம் எழுதும் பென்சில்கூட நுழையாது. தோட்டாவோ சுண்டுவிரலில் பாதி நீளம்தான். “யானைக்குச் சோளப்பொரியா?” என்று பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தேன்.

எங்கள் பயிற்சியாளர் காதில் அது விழுந்துவிட்டது. அவர் ராணுவத்தில் ஹவில்தார், வேலூர்ப் பக்கத்துக்காரர். ‘உஸ்தாத்’ என்றுதான் அவரை அழைப்போம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இது பிறக்கும்போது பாயிண்ட் டூ டூ இல்லை தம்பி. இது த்ரீ நாட் த்ரீ வம்சம்” என்று தொடங்கினார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் தோளில் தொங்கியது லீ என்ஃபீல்டு என்னும் .303 துப்பாக்கி. அதன் தோட்டா விலை கூடியது. அதைச் சுட்டுப் பழக நீண்ட, அகன்ற மைதானமும், பின்னால் பெரிய மண்மேடும் வேண்டும். ஆயிரக்கணக்கான புதுச் சிப்பாய்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? அதற்குக் கண்ட வழிதான் இந்த மாற்றம். பழைய துப்பாக்கியின் பெருந்துளைக்குள் .22 அங்குலத் துளையுள்ள சிறு குழாயைச் செருகிப் பொருத்தினார்கள். சிலவற்றில் குழலையே மாற்றினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்குள் ‘மாரிஸ் குழாய்’ என்ற ஒன்றைச் செருகிச் சிறு தோட்டாவால் பழகியிருக்கிறார்கள். லீ என்ஃபீல்டின் .22 வடிவங்களில் நாங்கள் சுட்ட வடிவம் 1920-களில் வந்தது. 1948-இல் தொடங்கப்பட்ட நம் மாணவர் படை அந்த வடிவத்தைத்தான் ‘நம்பர் டூ மார்க் ஃபோர்’ என்ற பெயரில் பாடமாகப் படித்து வந்தது.

குழலை மாற்றினால் மட்டும் போதாது. பெரிய தோட்டாவின் அடியில், நடுவில், தீப்பற்றும் மருந்து ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும். ஊசி நடுவில் குத்தும். .22 தோட்டாவில் அந்தத் தனிக் கிண்ணமே கிடையாது. அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே மருந்தைத் தடவியிருப்பார்கள். ஊசி விளிம்பில் அடிக்க வேண்டும். இதைத்தான் ரிம்ஃபயர் என்கிறார்கள். ஆகவே போல்ட்டின் தலையை மாற்றி, ஊசி நடுவை விட்டு விலகி விளிம்பில் படும்படி அமைத்தார்கள். விளிம்பு நசுங்க வேண்டுமென்பதால் பித்தளை மெல்லியதாகத்தான் இருக்க முடியும். மெல்லிய பித்தளை மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. எனவே இந்தத் தோட்டாவுக்கு வலிமை குறைவு, செய்வது எளிது, விலையும் குறைவு.

வெளித்தோற்றத்தில் எதையும் மாற்றவில்லை. அதே கட்டை, அதே விசை, அதே குறிமுள், அதே போல்ட். மேகசினின் கூட்டை மட்டும் உள்ளே காலியாக்கி விட்டுவிட்டார்கள். தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் போட வேண்டும். சுட்ட பிறகு காலித் தோட்டா அந்தக் கூட்டுக்குள் விழும். துப்பாக்கியைக் கவிழ்த்தால் வெளியே கொட்டும்.

இந்தக் கூடுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஆளுக்கு 5 தோட்டாக்கள். 40 பேருக்கு 200. 25 கெஜ தூரத்தில் இலக்கு. ஐந்து ஐந்து பேராகச் சுட்டோம். நான் கடைசி அணி. படுத்தேன், திரைப்படக் கதாநாயகனை மனத்தில் நினைத்துக்கொண்டேன், பட் பட்டென்று ஐந்தையும் தீர்த்தேன். துப்பாக்கியைக் கவிழ்த்துக் கொட்டி, கையில் வந்ததை அப்படியே பெட்டியில் போட்டேன். “எத்தனை?” என்றார் உஸ்தாத். “ஐந்து, உஸ்தாத்!” என்று கத்தினேன். எண்ணவில்லை.

துப்பாக்கிகளைக் கட்டி வண்டியில் ஏற்றிய பிறகு காலித் தோட்டாக்களை எண்ணினார்கள். 199. மறுபடி எண்ணினார்கள். 199. சுடுதளத்தில் ஒரு காலித் தோட்டா குறைந்தாலும் ஒருவரும் நகர முடியாது. சுடாத தோட்டா ஒன்று யார் சட்டைப் பையிலாவது போயிருக்கலாம் அல்லவா? நாற்பது பேரும் வரிசையாகக் குனிந்து புல்லைத் தடவினோம். நானும்தான் தடவினேன். “யாருடா அந்தப் புண்ணியவான்?” என்று நானே திட்டவும் செய்தேன்.

என் நண்பன் மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து படிப்பவன் அவன். நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவன் ஏறவேண்டிய பேருந்து எங்கள் கண்ணெதிரே போயிற்று.

கடைசியில் உஸ்தாத் துப்பாக்கிக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டினார். நான்காம் எண் துப்பாக்கியின் கூட்டுக்குள், மூலையில் சிக்கியிருந்தது அந்தப் பித்தளைத் துண்டு. அந்தத் துப்பாக்கியால் கடைசியாகச் சுட்டவன் நான்.

“ஐந்து என்று சொன்னாயே, எண்ணினாயா?”

“இல்லை, உஸ்தாத்.”

“சுடும்போதும் இப்படித்தான் சுட்டிருக்கிறாய்” என்று என் இலக்குத் தாளை நீட்டினார். ஐந்தில் இரண்டுதான் தாளில் பட்டிருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் நண்பனிடம் கூலிப் பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. “அடுத்த தடவை எண்ணுடா, போதும்” என்றான். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

அன்றிரவு வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதிதாக வந்த பையனுக்கு அப்போது தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் புதுப் பையனுக்கு உடனே துணியைக் கொடுப்பதில்லை. நூல் கோக்காமல், பழைய செய்தித்தாளில் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வார். பிறகு தாளை விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஊசித் துளைகள் கோட்டின் மேல் இருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்று வெளிச்சம் காட்டிவிடும். நானும் அப்படித்தான் பழகினேன். இருபது வயது வரை பார்த்துப் பார்த்து, பார்க்காமலே இருந்த காட்சி அது!

“துணி வாடிக்கைக்காரங்களோடது தம்பி. காகிதம் நம்மளோடது. அதனாலதான் காகிதத்துல பழகுறோம். ஆனா காகிதந்தானேன்னு கோணலா ஓட்டினா, கை அந்தக் கோணலைத்தான் கத்துக்கும்” என்றார்.

பிறகு அந்தத் துப்பாக்கியை இயற்பியல் மாணவனாகப் பார்க்கத் தொடங்கினேன். .22 குண்டின் நிறை சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 330 மீட்டர். .303 குண்டோ சுமார் 11.3 கிராம், வேகம் சுமார் 744 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது சுமார் 140 ஜூல், பின்னது 3,100 ஜூலுக்கு மேல். உந்தத்திலோ ஏறத்தாழப் பத்து மடங்கு வேறுபாடு. தோளில் வாங்கும் உதையும் அதற்கேற்பத்தான். ஆகவே பெரிய துப்பாக்கியின் உதையையும், தொலைதூரத்தில் காற்று குண்டைத் தள்ளுவதையும் இந்தச் சிறியது நமக்குக் கற்பிக்காது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “பட்டு வழுக்கும், காகிதம் வழுக்காது. அதைத் துணி வந்தப்புறம்தான் படிக்கணும்” என்று சுலபமாக முடித்துவிட்டார்.

மற்றதெல்லாம் ஒன்றுதான். 25 மீட்டரில் 4 செ.மீ. வட்டமும், 200 மீட்டரில் 32 செ.மீ. வட்டமும் கண்ணுக்கு ஒரே கோணம். குறிமுள்ளை நிறுத்துவதும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவதும், விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்துவதும் இரண்டிலும் மாறுவதில்லை.

இந்த ஆண்டு உஸ்தாத் எங்களுக்கு அதைவிட மலிவான பயிற்சி ஒன்றைத் தந்தார். அறைக்குள் போலித் தோட்டா ஒன்றைப் போட்டுக்கொண்டு, குழலின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு விசையை அழுத்த வேண்டும். நாணயம் விழக்கூடாது. ரிம்ஃபயரில் ஒன்றும் போடாமல் விசையை அழுத்தினால் ஊசி குழலின் விளிம்பிலேயே இடித்துக் கெடும்; அதற்காகத்தான் போலித் தோட்டா. முதல் வாரம் நாணயம் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் நின்றது. அப்பா தையல் ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சை நிறுத்துவார். அதையும் கவனித்துக் கற்றுக்கொண்டேன்.

இவ்விடத்தில் பேராசிரியர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாண்டில் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் வைத்துக்கொண்டே, மூத்த மாணவரின் பதிவேட்டைப் பார்த்து அளவுகளை எழுதியவர்களில் நானும் ஒருவன். ‘ஒரு கம்பியின் தடிமன்தானே’ என்று நினைத்தேன். எண்ணாமல் “ஐந்து, உஸ்தாத்” என்றதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்பார்கள். அந்தச் சிறு தோட்டா என் பொய்யைக் குத்தி எடுக்க உதவியது.

இந்த ஆண்டு முகாமில் மறுபடியும் 5 தோட்டாக்கள். பக்கத்து இடத்தில் அதே நண்பன். அவசரப்படவில்லை. ஐந்தும் சுட்டேன்; துப்பாக்கியைக் கவிழ்த்தேன்; கூட்டைத் தட்டினேன்; உள்ளங்கையில் வைத்து விரலால் நகர்த்தி எண்ணினேன். “ஐந்து, உஸ்தாத்.” அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்தவனிடம் போனார். நண்பன் சிரித்தான். நேரத்துக்கே பேருந்தைப் பிடித்தோம்.

இலக்குத் தாளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கைவேலையை நிறுத்திவிட்டு, வழக்கம்போல் அதை விளக்கில் தூக்கிப் பிடித்தார். நான்கு துளைகள் மூன்று விரல் அகலத்துக்குள் அடங்கியிருந்தன. நெடுநேரம் பார்த்தார்.

“ஒண்ணு மட்டும் விலகியிருக்குதே தம்பி” என்றார்.

“ஆமாம்ப்பா. ரெண்டாவது குண்டு. கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்” என்றேன்.