அணுவுக்குப் பிடிச்ச திசை

குற்றாலம் மெயினருவியில சீசன் நேரத்துல குளிச்சிருக்கீங்களா? நம்ம இஷ்டத்துக்கு நிக்க முடியாது. எந்தப் பக்கம் திரும்பினா தாங்குமோ, உடம்பு தானா அந்தப் பக்கம் திரும்பிடும். காந்தப்புலத்துல தொங்குற படிகமும் அப்படித்தான். தனக்குப் பிடிச்ச திசையில போய் நின்னுக்கும்!

அந்தப் பிடிவாதத்தை அளந்தவர் நம்ம பக்கத்துக்காரர். தென்காசியில ரயில் ஏறி ராஜபாளையம் தாண்டினா ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கேயிருந்து பஸ்ல வத்திராயிருப்பு. 1898-ல் அங்கே பிறந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். ராமன் விளைவு ஆராய்ச்சியில ராமனோட கூட உழைச்ச அதே கிருஷ்ணன்! 1928 கடைசியில டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், படிகங்களின் காந்தத்தன்மையைக் கையில் எடுத்தார்.

கருவி என்ன? மெல்லிய குவார்ட்ஸ் இழை, அதுல தொங்குற குட்டிப் படிகம், ஒரு காந்தம். இழையோட மேல்முனையை மெதுவா முறுக்கிக்கிட்டே போகணும். படிகம் லேசா நகருமே தவிர விட்டுக்கொடுக்காது. ஒரு கட்டத்துல... சட்டுனு திரும்பிடும்! எவ்வளவு முறுக்கினோம்ங்கிறதை வச்சு, திசைக்குத் திசை காந்தத்தன்மை எவ்வளவு மாறுதுன்னு கணக்குப் போட்டுடலாம்.

அவர் படிகத்துல இருந்தது கோடானுகோடி அணுக்கள். ஒத்த அணுகிட்ட இதே கேள்வியைக் கேட்க முடியுமா? 2004-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். அல்மேடன் ஆய்வகத்துல கேட்டாங்க. ஒரு பரப்பின் மேல மாங்கனீசு அணு. அதுக்கு மேல, தொடாம ஓர் ஊசிமுனை. மைனஸ் 272 டிகிரிக்கும் கீழே குளிர். மின்னழுத்தத்தை மெதுவா ஏத்தினா, ஓர் அளவைத் தாண்டினதும் எலெக்ட்ரான்கள் அணுவோட காந்தத்தைத் திருப்பிவிடும்; மின்னோட்டம் லேசா எகிறும். அந்த அளவுதான் விடை! 2007-ல் இரும்பு அணுவுக்குப் பிடிச்ச திசையையே இப்படிக் கண்டுபிடிச்சாங்க. 2017-ல் ஒரே ஒரு ஹோல்மியம் அணுவுல ஒரு பிட் தகவலை எழுதிப் படிச்சுட்டாங்க. திரும்ப மாட்டேன்னு அணு பிடிவாதம் பிடிச்சாத்தானே எழுதினது அழியாம நிக்கும்?

என்கூட எம்.எஸ்சி. படிக்கிற தென்காசி நண்பன் படிப்பையே விட்டுடலாமான்னு யோசிக்கிறான். "நம்ம லேப்ல என்னடா இருக்கு?"ங்கிறான். அவனுக்கும் உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். டாக்காவில இழை, அல்மேடன்ல ஊசி. கருவிதான் மாறியிருக்கு. 'கொஞ்சம் கொஞ்சமா தள்ளு, எப்போ திரும்புதுன்னு பாரு'ங்கிற யோசனை ஒண்ணுதான். அது விலைக்குக் கிடைக்காது பாஸ்!

முறுக்கு ஊசல் பிராக்டிகல் நம்ம எல்லா லேப்லயும் உண்டு. அடுத்த தடவை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுறதுக்கு முன்னாடி, அந்தக் கம்பியை ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க.