குடை புரண்ட கணம்

சீகிரியாவின் சிங்கப்பாதத் தளத்தில் நின்றபோது பெருங்காற்று என் குடையைப் புரட்டிவிட்டது. துணி கிழியவில்லை, கம்பியும் ஒடியவில்லை. குவிந்திருந்தது கண்ணிமைக்கும் நேரத்திற் குழிந்துவிட்டது. உடன்வந்த மாணவர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. இரண்டாண்டுகளாக நான் கணிக்க முயன்று தோற்ற நிகழ்ச்சி அதுவே. (குடை கம்பிச் சட்டமும் துணியுமேயன்றி ஓடன்று என்பார் பொறியியலார், ஒப்புக்கொள்கிறேன்.)

மெல்லிய வளையோட்டின் வலிமை அதன் வளைவிலே தங்கியுள்ளது. சுமை ஏறுந்தோறும் வளைவு மாறும். வளைவு மாறவே தாங்குந் திறனும் மாறும். ஆதலின் தொடக்க வடிவத்தை மட்டுங் கொண்டு தீர்க்கும் கணிப்பு இங்கு உதவாது. முடிவுறு மூலக முறையில் ஓட்டைச் சிறு மூலகங்களாகப் பகுத்து, படிதோறும் புதிய வடிவத்திற்கேற்ப விறைப்புத் தாயத்தைத் திரும்ப அமைத்தல் வேண்டும். அம்மூலகங்களே வளைந்தனவாய் இருக்கலாம் என்பதை அகமது, அயன்ஸ், சியென்கீவிச் ஆகிய மூவரும் 1970 இல் காட்டினர்.

என் நிரல் இவை யாவற்றையும் செய்தது. எனினும் ஒரு சுமையை எட்டியதும் விடை காணாது தத்தளித்தது. மாதக்கணக்காக நிரலிற் பிழை தேடினேன். பிழை என் கேள்வியில் இருந்தது. சுமை உச்சத்தை அடைந்தபின் அடுத்த சமநிலை குறைந்த சுமையிலேயே உள்ளது. நானோ சுமையைக் கூட்டிக்கூட்டி, அருகில் இல்லாத விடையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுமையையும் அறியாக் கணியமாக்கி, பாதையின் நீளத்தை அடியடியாக அளந்து செல்லும் வழியை ரிக்ஸ் என்பார் 1979 இல் விளக்கியிருந்தார். அதனைப் படித்திருந்தேன், குடை புரளும்வரை உணர்ந்திலேன்.

சற்றுமுன் கண்ட ஓவியங்கள் அப்போது நினைவில் எழுந்தன. ஐந்தாம் நூற்றாண்டுச் சாந்து பாறைக் குழிவைத் தழுவி நிற்கின்றது. எங்கேனும் பற்று விட்டுப் புடைக்குமாயின், அவ்விடத்தில் அது தன் வளைவையன்றி வேறு துணையில்லாத ஓடாகிவிடும். குடைபோற் புரண்டு மீளும் தன்மை சாந்துக்கில்லை. அது வெடித்து உதிரும். பழைய சுவரோவியங்களைப் பேணுவோர் விரலால் மெல்லத் தட்டி, உள்ளே வெற்றிடம் ஒலிக்கின்றதா எனச் செவிசாய்ப்பது இதற்காகவே. சாந்துக்கும் பாறைக்கும் இடையிலான பற்றினை அளந்து எனக்கு எவரேனும் தந்தாலன்றி, என் நிரல் அவ்விரலுக்கு நிகராகாது.

குடையைப் பலங்கொண்டு மீண்டும் குவியச் செய்தேன். “புரட்டிய விசையும் மீட்ட விசையும் ஒன்றுதானா, சேர்?” என ஒரு மாணவி வினவினாள். அன்றிரவே அந்தத் திரும்பு பாதையைக் கணிக்கத் தொடங்கினேன்.