சென்னைக் கரையில் சின்னரி

1802-இல் சென்னை வந்த ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் சின்னரிக்குச் சோறு போட்டது கம்பெனி துரைமார்களின் உருவப்படங்கள். மனசு போனதென்னவோ மசூலா படகுக்காரர்கள், கரையோரத்து உழைப்பாளிகள் பக்கம். பென்சில் கோடு, மேலே மெல்லிய நீர்வண்ணம். ஓவியத்தாளிலேயே கர்னி சுருக்கெழுத்தில் தனக்கான குறிப்புகள்.

துரைகளுக்குப் பெயர் உண்டு. படகுக்காரருக்கு இல்லை.

1807-இல் வங்காளம் போனார். அங்கே கடன் கழுத்தை நெரிக்க, 1825-இல் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகருக்கு ஓட்டம். 1852-இல் அங்கேயே இறந்தார்.

அவர் வரைந்த சென்னைக் கரையிலேயே தெற்கே போனால் மரக்காணம் உப்பளம். நீர்வண்ணத்தில் வெள்ளைக்குப் பெரும்பாலும் தாளையே விட்டுவிடுவார்கள். உப்புக் குவியலுக்குத் தூரிகையே வேண்டாம். வரப்பில் கூடையோடு நடக்கும் பெண்ணின் வெடித்த குதிகாலை வரைவதில்தான் கை நடுங்கும். சின்னரியே வந்தாலும் ரெண்டு தாளாவது கிழித்துப் போட்டிருப்பார்.