சனிக்கிழமை செய்தியும் பத்து வயசு மகளும்

நான் வளர்ந்த வீட்டில் வேலை, பணம் பற்றிப் பேச்சு வந்தாலே அம்மா குரலைத் தாழ்த்திவிடுவார். "பசங்க முன்னாடி வேண்டாம்." 2001-ல் அப்பாவுக்கு ஆறு மாசம் வேலை இல்லை என்பதும், தினமும் காலையில் கிளம்பி லைப்ரரிக்குப் போனார் என்பதும் நான் காலேஜ் முடித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நம்ம பிள்ளைகளிடம் அப்படி மறைக்க முடியாது. போன வருஷம் எங்க கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தபோது, ஸ்கூல் பஸ்ஸிலேயே மகள் கேள்விப்பட்டுவிட்டாள். "அப்பா, உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கா?"

என் பேர் இல்லை. டீமில் நாலு பேருக்கு வேலை போனது. அதில் ஒருத்தர் எச்-1பி விசாவில் இருந்தவர். அந்த விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான். அதற்குள் வேறொரு கம்பெனி மனு போட வேண்டும். அவர் மகளும் என் மகளும் தமிழ் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டு.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் அந்த வாரத்து பிசினஸ், வேலை, டெக் செய்திகளை இருவரும் சேர்ந்து படிக்கிறோம். இருபது நிமிஷம் போதும். மூணே கேள்விகள்.

முதல் கேள்வி: எத்தனை பேரில்? 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை எடுத்தது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000 பேர் என்றது. கேட்க ஒரே மாதிரி இருக்கும். மெட்டாவில் அது 13 சதவீதம், மைக்ரோசாஃப்டில் 5-க்கும் கீழே. "அங்க எட்டு பேர்ல ஒருத்தர், இங்க இருபது பேர்ல ஒருத்தர்கூட இல்ல" என்று மகளே கணக்குப் போட்டாள்.

இரண்டாவது: யாரைக் கேட்டார்கள்? அமெரிக்க அரசின் மாதாந்திர வேலை அறிக்கையில் இரண்டு சர்வே இருக்கிறது. வேலையின்மை விகிதம் சுமார் 60,000 வீடுகளில் கேட்டு வருவது. எத்தனை வேலை கூடியது என்பது கம்பெனிகளின் சம்பளப் பட்டியலிலிருந்து வருவது. அதனால் சில மாசம் ஒன்று ஏறும், இன்னொன்று இறங்கும்.

மூன்றாவது: இதுதான் கடைசிக் கணக்கா? 2024 மார்ச் வரையான ஒரு வருஷத்துக்குச் சொன்ன வேலைகளில் 8,18,000 குறைவு என்று அந்த ஆகஸ்டில் முதற்கட்டத் திருத்தம் வந்தது. பிறகு அந்தத் திருத்தத்தையும் திருத்தி, சுமார் 6 லட்சம் என்றார்கள். ஒரு நாள் தலைப்பைப் பார்த்துப் பதறாமல் இருக்க இது ஒன்றே போதும்.

நண்பருக்கு 52-வது நாள் வேலை கிடைத்தது. அந்த வாரம் மகள் நாலாவதாக ஒரு கேள்வி கேட்டாள். "நமக்கு வேலை போனா எத்தனை மாசம் சமாளிக்கலாம்?"

மனைவியும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். உட்கார்ந்து அவளுக்குக் கணக்குக் காட்டினோம்: வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ், மளிகை, கையிருப்பு. எட்டு மாசம்.

"சரி," என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். உங்க வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பிள்ளைகள் முன்னாடியே.